கேஸ் டின் அடுப்பும் நமது லயமும்

(தீபாவளிக்கு முன்னர் நடந்த தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் நமது சங்க அமைப்பாளருமான சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக நாம் இங்கே கூடினால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், கொழுந்து நிறுவையைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு டீச்சர் அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறார் என்று தலைவர் சொன்னதும் சில பேர் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஆனால் அரை மணித்தியாலம் பொறுத்துக் கேளுங்கள்.

போன மாதம் வகுப்பில் நெருப்பைப் பற்றிப் பாடம் நடந்தது. "கேஸ் டின் போட்டு எரிக்கிற சின்ன அடுப்பு யார் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன். பத்துப் பதினொரு கைகள் உயர்ந்தன. சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு கைகூட உயர்ந்திருக்காது. கொழும்பில் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது அம்மாவுக்கு என்று வாங்கி வருகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து சொன்னது: "டீச்சர், காலையில குளிருக்கு டின் சரியா எரியாது. அம்மா அதை விறகடுப்புப் பக்கத்தில வச்சு சூடாக்கித்தான் போடும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் லயத்தில் பன்னிரண்டு காம்பரா இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழும்பி, மழையில் நனைந்த மிலாறை ஊதி ஊதிக் கண் எரிந்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பேர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என் அம்மாவும் முப்பது வருடம் இப்படித்தான் ஓடினார். அப்படிப்பட்டவருக்கு ஐந்து நிமிடத்தில் தேத்தண்ணி கொதிக்கிற அடுப்பு பெரிய உதவி. புகை இல்லை, இருமல் குறையும். ஆகவே பாவியுங்கள். ஆனால் அது மலையேறப் போகிறவர்களும் பயணம் போகிறவர்களும் திறந்த வெளியில் வைத்துச் சமைப்பதற்காக வந்த அடுப்பு. அதை நாம் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதனால் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

அந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது? ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி சத்தம் கேட்கும். அது பியூட்டேன் என்ற வாயு. அழுத்தி அடைத்ததால் திரவமாக இருக்கிறது. குமிழைத் திருப்பியதும் அந்தத் திரவம் ஆவியாகி மேலே வந்து எரிகிறது. ஆவியாவதற்கு அதற்கு வெப்பம் தேவை. பியூட்டேன் கிட்டத்தட்ட 0 பாகை குளிருக்கு இறங்கிவிட்டால் ஆவியாகாது. நம் நுவரெலியாப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுகிறது அல்லவா? அந்த நேரம் டின்னும் உறைந்துபோய் இருக்கும். போதாக்குறைக்கு, எரிய எரிய டின் தானாகவே இன்னும் குளிரும். அதனால்தான் தீ சின்னதாகிறது. டின்னில் கேஸ் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், டின் பழுது என்றும் நினைக்க வேண்டாம்.

இப்போது அந்த அம்மா செய்ததைப் பாருங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறார். டின்னின் மேல் 50 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது என்று அச்சடித்திருக்கும். எழுத்து சின்னது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது வேறு மொழியில் இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. விறகடுப்பு ஓரத்தில் 50 பாகை வருவதற்கு அதிக நேரம் எடுக்காது. கொதிதண்ணீர் 100 பாகை. டின் சூடேறச் சூடேற உள்ளே அழுத்தம் ஏறும். டின்னின் தகடு மெல்லியது. ஒரு கட்டத்தில் கிழியும். கிழிந்தால் உள்ளே இருக்கிற கேஸ் முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும், பக்கத்திலேயே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

குளிருக்கு என்ன செய்யலாம்? இரவில் டின்னை இஸ்தோப்பில் விடாமல் உள்ளே, அடுப்புக்கு எட்டத்தில், அலமாரியில் வையுங்கள். விடியும்போது ஆட்கள் படுத்திருந்த காம்பராவின் சூடே அதற்குப் போதும். அப்படியும் எரியவில்லையா, அன்றைக்கு மட்டும் விறகை மூட்டுங்கள். சுடுதண்ணீரில் போடுவது, மெழுகுதிரியைக் கீழே காட்டுவது, தகரக் கூரையில் வெயிலில் வைப்பது, இவை எதுவும் வேண்டாம்.

அடுத்தது என் வீட்டில் நடந்த கதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்கு என் தம்பி கொழும்பிலிருந்து இந்த அடுப்பைக் கொண்டு வந்தான். அம்மா முறுக்குச் சுட வேண்டும் என்றார். நானே பெரிய இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். சட்டி அடுப்பை விட அகலம். டின் இருக்கிற பக்கத்தையும் மூடிக்கொண்டு நின்றது. எண்ணெய் காய்ந்து, இரண்டு ஈடு முறுக்கு எடுத்திருப்போம். "டக்" என்று ஒரு சத்தம். நெருப்பு அணைந்துவிட்டது. டின்னை இறுக்கிப் பிடிக்கிற நெம்பு தானாக மேலே எழும்பியிருந்தது. தம்பி அவசரத்தில் அதைத் திரும்ப அமுக்கப் போனான். அம்மா டின் இருந்த மூடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, அடுப்பு மாதிரி கொதிக்குதுடா, விடுடா அதை" என்று அவன் கையைத் தட்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். சட்டியின் சூடு கீழே திரும்பி டின்னில் அடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்காத என் அம்மாவின் விரலுக்குத் தெரிந்தது. அந்த "டக்" என்ற சத்தம் அடுப்பு நமக்குக் கொடுத்த எச்சரிக்கை. அழுத்தம் கூடியதும் டின்னைத் தானே கழற்றிவிடுகிற பாதுகாப்பு அதில் இருந்தது. எல்லா அடுப்பிலும் அது இருக்காது. இருந்தாலும் பழசானால் வேலை செய்யாமல் போகலாம். நெம்பு தானாக எழும்பினால் திரும்ப அமுக்காதீர்கள். எல்லாம் நன்றாக ஆறும் வரை கிட்டப் போகாதீர்கள்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு, பெரிய சட்டி, அண்டா, தோசைக்கல் எதுவும் அந்த அடுப்பில் ஏறக்கூடாது. சட்டியின் ஓரம் டின் மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. காற்றுக்கு மறைப்பாகத் தகரத்தைச் சுற்றி வைக்கவும் கூடாது, அதுவும் சூட்டை டின் பக்கம் திருப்பும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து ஒரே சட்டியை ஏற்றுவதும் அப்படித்தான். முறுக்கும் அதிரசமும் விறகடுப்பிலேயே ஆகட்டும். தேத்தண்ணி, பிள்ளைக்குப் பால், ஒரு முட்டை, இதற்குத்தான் அந்த அடுப்பு.

டின் போடுவதை இப்போது காட்டுகிறேன். தம்பி, அந்த அடுப்பைக் கொஞ்சம் மேசையில் வை.

முதலில் குமிழ் அணைத்த பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். டின்னின் கழுத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. அடுப்பில் அதற்கு நேராக ஒரு நாக்கு இருக்கிறது. வெட்டும் நாக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் நெம்பை அமுக்கினால் கேஸ் ஓரத்தால் கசியும். அமுக்கிய பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தாலோ மணம் வந்தாலோ நெம்பைத் தூக்கி டின்னைக் கழற்றி வெளியே கொண்டு போய் வையுங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவு தேடாதீர்கள். சோப்பு நுரையைப் பூசிப் பார்த்தால் போதும், கசிகிற இடத்தில் குமிழி வரும்.

குமிழைத் திருப்பி இரண்டு மூன்று தரத்தில் பற்றவில்லையானால் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பொறுங்கள். சடசடவென்று திருப்பிக்கொண்டே இருந்தால் கேஸ் கீழே சேர்ந்துகொண்டே போகும், பிறகு பற்றும்போது முகத்தில் அடிக்கும். டின் மாற்றும்போது காம்பராவில் எந்த நெருப்பும் இருக்கக்கூடாது. விறகடுப்பில் கங்கு இருந்தாலும் சரி, சாமித் தட்டில் விளக்கு எரிந்தாலும் சரி, டின்னை வெளியே கொண்டு போய் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் டின்னைக் கழற்றி மூடி போட்டு வையுங்கள். துருப்பிடித்த டின், நசுங்கிய டின் வாங்காதீர்கள்.

அடுப்பை எங்கே வைப்பது? பாயிலோ கட்டிலிலோ அட்டைப் பெட்டியின் மேலோ வேண்டாம். ஆடாத மேசையில், அல்லது கல்லில், திறந்த கதவுக்குக் கிட்ட வையுங்கள். திரைச்சேலையும் கொடியில் காயும் உடுப்பும் எட்ட இருக்கட்டும். அம்மாமாரே, சால்வையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு குனியாதீர்கள். அடுப்பு எரியும்போது விட்டுவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகாதீர்கள்.

இனிக் காற்று. நம் பழைய லயங்களில் பலவற்றுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். குளிருக்கு இரண்டையும் அடைத்துவிடுவோம். அடைத்த காம்பராவில் எது எரிந்தாலும், கேஸானாலும் கரியானாலும், காற்று குறையக் குறைய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை வலிக்கும், மயக்கமாக வரும், வாந்தி வரும். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழும்பாமலே போகலாம். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் குழந்தைக்கும் சூட்டுக்கு என்று கங்குச் சட்டி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாட்டிமார் கோபிக்கக்கூடாது, கதவை அடைத்து அதை வைக்கவே கூடாது. குளிர் காய்வதற்கு இந்த கேஸ் அடுப்பையும் எரிய விடாதீர்கள். கம்பளியைப் போர்த்துங்கள், சமைக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். அடைத்த காம்பராவில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைச்சுற்று வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள்.

கேஸ் கசிந்தால் என்ன செய்வது? இந்த கேஸ் காற்றை விடப் பாரமானது. மேலே போகாது, தரையில் பரவும். பிள்ளைகள் படுக்கிற பாய்க்குக் கீழே, வாசலுக்கு முன்னால் ஓடும் கானில் இறங்கித் தங்கும். நின்றுகொண்டிருக்கிற நமக்கு மணம் தெரியாமலும் போகலாம். மணம் தெரிந்தால் அடுப்பை அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபோன் பேசுவது வெளியே வந்த பிறகு. பக்கத்துக் காம்பராவுக்கும் பின் காம்பராவுக்கும் சத்தம் போட்டுச் சொல்லி, அவர்களுடைய அடுப்பையும் அணைக்கச் செய்யுங்கள். நம் தடுப்புச் சுவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். காலி டின்னுக்கு மலிவாக கேஸ் நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அந்த டின் ஒரு தரம் பாவித்து எறிவதற்குச் செய்தது. வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனோடு புரோபேனும் கலந்திருக்கும். புரோபேனின் அழுத்தம் பியூட்டேனை விடப் பல மடங்கு. அதை மெல்லிய டின் தாங்காது. 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் வீடுகளில் சமையல் கேஸ் வெடித்தது நினைவிருக்கும். அதை ஆராய்ந்த குழு, புரோபேன், பியூட்டேன் கலவை மாறியதை முக்கிய காரணமாகச் சொன்னது. கலவை மாறியதே இரும்புச் சிலிண்டர் உள்ள வீடுகளில் அவ்வளவு செய்தது என்றால், இந்தத் தகர டின்னை நினைத்துப் பாருங்கள். காலி டின்னை விறகடுப்பிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ போடாதீர்கள். காலி என்று நாம் நினைக்கிற டின்னில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிள்ளைகள் அதை எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால்: பீலித் தண்ணீர் நமக்குக் கடவுள் கொடுத்த மருந்து. சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், மை, மாவு எதுவும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். உடுப்பில் நெருப்புப் பற்றினால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கம்பளியாலோ நனைந்த சாக்காலோ மூட வேண்டும். சட்டி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, தட்டால் சட்டியை மூடிவிடுங்கள்.

தோழர்களே, இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. இனி மற்றப் பக்கத்தையும் பேச வேண்டும். இல்லாவிட்டால் லயத்தில் தீப்பிடித்த அடுத்த நாள், "கவனமில்லாத சனங்கள்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள்.

ஊரில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீடு எரியும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயமும் எரிகிறது. ஏன்? ஒரே கூரை. ஒரே முகட்டுமரம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து நம் ரோட்டில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு இருபது குடும்பம் பாடசாலை மண்டபத்தில் பாய் விரிக்கும். அந்த மண்டபத்தில் காலையில் பாடம் நடத்தியவள் நான், அந்தப் பிள்ளைகளின் முகத்தை மறக்க முடியாது. உடுப்பும் பாத்திரமும் யாராவது கொடுப்பார்கள். கடதாசிகளை யார் கொடுப்பார்? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி, வங்கிப் புத்தகம். 1948இல் நம் பாட்டன் பூட்டனின் குடியுரிமையைப் பறித்தார்கள். எஞ்சியவர்களுக்கும் வழி செய்யும் சட்டம் வர 2003 ஆனது. ஒரு கடதாசிக்காக அவர்கள் எத்தனை கந்தோர் வாசலில் நின்றார்கள்! அந்தச் சனங்களின் பிள்ளைகள் நாம். எல்லாக் கடதாசியையும் ஒரு பையில் போட்டு, அடுப்புக்கு எட்டத்தில், கதவுப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பிள்ளைகளின் ஃபோனில் படமும் எடுத்து வையுங்கள். இதை இன்றைக்கே செய்யலாம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. லயம் நம் பெயரில் இல்லை. நம் பெயரில் இல்லாத கூரையைத் திருத்துவது நிர்வாகத்தின் வேலை. ஆகவே நான் நான்கு கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, குசினிக்குப் புகைபோக்கியும் காற்று வழியும் இல்லாத காம்பராக்களைக் கணக்கெடுத்துத் திருத்த வேண்டும். இரண்டு, ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் தண்ணீர்க் குழாயும் மணல் வாளிகளும் வைக்க வேண்டும். மூன்று, பழைய கரண்ட் வயர்களைப் பரிசோதிக்க வேண்டும். நான்கு, தனிவீடும் காணியும் என்ற நமது பழைய கோரிக்கையில் தீ அபாயமுள்ள லயங்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பை நாமே செய்வோம். லயத்துக்கு ஒரு அக்காவும் ஒரு தம்பியும் பொறுப்பெடுங்கள். தாளை நான் தருகிறேன். தீபாவளி முடிந்த கிழமை தலைவரும் நாங்களும் அதை எடுத்துக்கொண்டு துரையிடம் போவோம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விறகடுப்புப் பக்கத்தில் இருந்தால் எடுத்து எட்ட வையுங்கள். பிறகு பக்கத்துக் காம்பராவுக்குப் போய், "அக்கா, உங்கட டின் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள். நம் எல்லோருக்கும் மேலே இருப்பது ஒரே கூரை.

எல்லோருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள்.